பயமில்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா?

போரிலிருந்து திரும்பியவருக்கும் வன்முறைக்கு ஆளானவருக்கும் பேச்சு சிகிச்சை ஏன் சில நேரம் பலிப்பதில்லை? நடந்ததைச் சொல்லத் தொடங்கியதுமே உடல் நடுங்குகிறது. பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் எம்.டி.எம்.ஏ. என்ற மருந்து உதவக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது மூளையில் செரோடோனினைப் பெருமளவு சுரக்கச் செய்கிறது. அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலாவின் வேகம் தணிகிறது. எதிரே இருப்பவர்மீது நம்பிக்கை கூடுகிறது. நினைவு அழிவதில்லை, அதை விட்டு ஓடாமல் பார்க்க முடிகிறது.

மருந்து மட்டும் போதாது. 2021இல் வெளியான ஆய்வில் மருந்து தரப்பட்ட மூன்று அமர்வுகளிலும் சுமார் 8 மணி நேரம் சிகிச்சையாளர்கள் இருவர் உடனிருந்தார்கள். முன்னும் பின்னும் மருந்தில்லாத பேச்சு. மருந்து பெற்றோரில் 67 சதவீதம் பேர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். வெற்று மாத்திரையோடு அதே சிகிச்சை பெற்றோரில் 32 சதவீதம்.

ஆனால் தாம் விழுங்கியது எது என்பதை இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலோர் ஊகித்துவிடுகிறார்கள். இது சிறிய குறை அல்ல. 2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துக்கு அனுமதி மறுத்து, இன்னொரு ஆய்வு கேட்டது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் தரலாம். ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும் மருந்து இது. வெளியே வாங்கித் தாமே சோதித்துப் பார்க்க யாரும் துணியாதீர்கள்.