கஞ்சி பொங்கிய அடுப்பு

என் அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்ப்பவர். ஒருநாள் உப்புப் போட்ட கஞ்சி பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தது. நீலத் தீ சட்டென்று மஞ்சளானது. "உப்பு வெள்ளைதானல, தீ ஏன் மஞ்சளாவுது?" என்று கேட்டார். "சோடியம்மா" என்றேன். "அது பேருல்ல. காரணத்தச் சொல்லு" என்றார். டிப்ளமோ படிக்கும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. அன்று தேடித் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். கடைசி எலக்ட்ரான் தன் இஷ்டப்படி எந்த ஆற்றலிலும் இருக்க முடியாது. மாடிப்படி மாதிரிதான், முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம், நடுவில் நிற்க முடியாது. இதை 1913-ல் நீல்ஸ் போர் எடுத்துச் சொன்னார். எலக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு. அணுவுக்குள் சில அலை வடிவங்கள் மட்டுமே பொருந்தும் என்பதே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

அந்த எலக்ட்ரானுக்கு அடுத்த படி சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. தீயின் சூட்டில் அது மேலே ஏறுகிறது. நொடியில் கோடியில் ஒரு பங்குகூட ஆகுமுன் கீழே இறங்குகிறது. இறங்கும்போது அந்த ஆற்றலை ஒளியாக விடுகிறது. அதன் அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். அதுதான் அம்மா பார்த்த மஞ்சள்!

சூடு இல்லாமல் ஒளியாலும் ஏறலாம். ஆனால் அதே 589 ஒளிதான் வேண்டும். 570 வந்தாலும் 610 வந்தாலும் அணு கண்டுகொள்ளாது, விட்டுவிடும். உட்கொண்ட ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடுவதால், நேரே பார்ப்பவருக்கு அந்த நிறம் குறைந்து தெரியும். நியூட்டன் வளையச் சோதனைக்கு வைக்கும் சோடியம் விளக்கின் முன்னால் உப்புத் தூவிய தீயை வைத்தால், மஞ்சள் தீயே வெள்ளைத் தாளில் கருநிழலாக விழும்.

சூரிய ஒளியின் நிறமாலையிலும் இதே இடத்தில் இரண்டு கருங்கோடுகள் உண்டு. 1814-ல் ஃபிரான்ஹோஃபர் அவற்றுக்கு 'டி' என்று பெயர் வைத்தார். 1859-ல் கிர்க்காஃப், பன்சன் இருவரும் அது சோடியத்தின் அடையாளம் என்று காட்டினார்கள். நம் கொடைக்கானலில் எவர்ஷெட் 1909-ல் இப்படிப்பட்ட கோடுகள் லேசாக இடம் நகர்வதை வைத்தே சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம அளத்து உப்புல உள்ளது சூரியன்லயும் இருக்கா?" என்றார். "இருக்கும்மா" என்றேன். "அதான் இந்த வெயிலு" என்று சிரித்தார்.

வைவாவில் பெயர் சொன்னால் மார்க் கிடைக்கலாம் நண்பர்களே. வீட்டில் காரணம் சொல்லிப் பாருங்கள்; அப்போதுதான் பாடம் நமக்குப் புரிந்ததா என்று தெரியும்.