அஞ்சறைப் பெட்டியில் ஓர் அருமருந்து

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அருகே அடக்கமாய் இருக்கும் வெந்தயத்தின் பயன்கள் பல.

வேனிற் காலத்தில் இரவு ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்து, காலையில் நீரோடு உட்கொண்டால் உடற்சூடு தணியும் என்பர் நம் முன்னோர். வயிற்றுப்போக்கிற்கு மோருடன் கொடுப்பர். அரைத்துத் தலையில் தேய்த்துக் குளிப்பர். பிள்ளை பெற்ற தாய்க்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து வெந்தயக்களி கிண்டித் தருவர்.

ஊறிய வெந்தயத்தின் வழவழப்பு, நீரில் கரையும் நார்ப்பொருளால் உண்டாவது. உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் விரைந்து கலவாதபடி அது தடுக்கிறது. நீரிழிவு நோயாளர் இதனை நாடுவதன் காரணம் இதுவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நாமறிந்த பெரியவர் ஒருவர் வெந்தயத்தையே நம்பி, மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சில திங்களில் காற்புண் ஆறாது, விரலொன்றை இழந்தார். மாத்திரையோடு வெந்தயத்தை மிகுதியாய் உண்டாலோ, சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரக்கூடும். எனவே மருத்துவரிடம் சொல்லியே உண்ணுக. கருவுற்ற தாய்மார் சமையலுக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்க.

வெந்தயம் நல்ல துணை. ஆனால் மருத்துவருக்கு மாற்றன்று.