கிளித் தீனி கேட்டு வருவோருக்கு நாம் சொல்ல வேண்டியவை

மாதச் சாமான் பட்டியலின் கடைசி வரியில் "கிளிக்குச் சூரியகாந்தி விதை அரைக் கிலோ" என்று எழுதிக் கொண்டு வரும் வாடிக்கையாளரை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். எடுத்து நிறுத்துக் கொடுத்து விடுகிறோம். அந்த விதையையே மூன்று வேளையும் தின்று ஒரு பறவை எத்தனை நாள் பிழைக்கும் என்று யோசிப்பதில்லை. பிறர் வளர்க்க முடியாமல் கைவிட்ட கிளியையும், வழி தவறி மாடியில் வந்து விழுந்த கிளியையும் இரக்கப்பட்டு எடுத்து வளர்ப்பவர்கள் பலர். அவர்களுக்கு முதலில் யோசனை சொல்லுகிறவர் மருத்துவர் அல்லர், கடைக்காரரே. ஆகவே இதுபற்றிச் சில செய்திகளை நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் சட்டம்

நம் ஊர்ப் பச்சைக் கிளியைப் பிடிப்பதும், கூண்டில் அடைப்பதும், வாங்குவதும், விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட பச்சைக் கிளியோ கூட்டிலிருந்து விழுந்த குஞ்சோ கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. வீட்டில் வளர்க்கப்படுபவை காக்கடீல், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்கள். இவற்றுள் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்போர், மத்திய அரசு 2024-இல் கொண்டுவந்த விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். காக்கடீலுக்கு அந்தப் பதிவு தேவையில்லை. இக்கட்டுரையில் நாம் சொல்வது இத்தகைய வெளிநாட்டுக் கிளிகளைப் பற்றியதே.

சூரியகாந்தி விதையில் என்ன குறை?

எண்ணெய் வித்துக்களைப் பற்றி வணிகர்களாகிய நமக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். தினையிலோ நூற்றுக்கு நான்கு பங்குதான் கொழுப்பு. நாள் முழுவதும் பறந்து இரை தேடும் பறவைக்கு எண்ணெய்ச் சத்து செலவாகி விடும். கூண்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது ஈரலில் சேர்ந்து, ஈரலைக் கெடுத்து, கடைசியில் உயிரையே வாங்கும்.

இன்னொரு குறை, இல்லாத சத்துக்களால் வருவது. சூரியகாந்தி விதையில் வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக் குழாய் ஆகியவற்றின் உட்தோல் தடித்துப் போய், சளியும் தொற்றும் எளிதில் பற்றும். சுண்ணாம்புச் சத்துக் குறைவால் சாம்பல் கிளிக்கு வலிப்பே வருவதுண்டு. வெளியே பார்த்தால் பறவை கொழுகொழுவென்று இருக்கும். வளர்ப்பவரும் நன்றாகச் சாப்பிடுகிறது என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் உள்ளே பஞ்சம்.

சொத்தைக் கடலை வேண்டாம்

இது நம் தொழில் நாணயத்தைப் பற்றியது. மூட்டையைப் புடைக்கும்போது ஒதுங்கும் சுருங்கிய கடலை, நிறம் மாறிய கடலை, பூசணம் பிடித்த கடலை ஆகியவற்றை "பறவைத் தீனி" என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பூசணத்தில் அப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. இது ஈரலைத் தாக்கும். பறவைகள் இந்த நஞ்சைச் சிறிதும் தாங்க மாட்டா.

இந்த நஞ்சு உலகுக்குத் தெரிய வந்ததே பறவைகளால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் கலந்திருந்த பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதும் போவதில்லை. ஆகவே மனிதருக்கு விற்கத் தகாத கடலை பறவைக்கும் தகாது என்பதை நாம் விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதுபோலவே, விதைப்பதற்கென்று மருந்து கலந்து சாயம் ஏற்றிய விதைகளையும் தீனியாகத் தரவே கூடாது.

அடம் அல்ல, அச்சம்

"காய் வைத்தால் தூக்கி எறிகிறது, விதை தவிர எதையும் தொடுவதில்லை" என்பதே வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்லும் குறை. இதை அடம் என்று நினைப்பது தவறு. எது உணவு என்பதைக் கிளி தன் தாயிடமும் கூட்டத்திடமும் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. பல வருடம் விதை மட்டுமே பார்த்த கிளிக்குக் காரட் துண்டு உணவாகவே தெரியாது. தட்டு நிறைய நல்ல உணவு இருந்தும் பட்டினி கிடந்து சாகவும் கூடும். "பசித்தால் தானே தின்னும்" என்று பழைய தீனியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது மிக ஆபத்தான யோசனை. சிறிய பறவைக்கு இரண்டு நாள் பட்டினியே உயிருக்கு உலை வைத்துவிடும்.

மாற்றும் முறை

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அந்தப் பொறுமைதான் இங்கு மருந்து.

1. புதிதாக வந்த கிளிக்கு முதல் இரண்டு வாரம் பழைய தீனியே இருக்கட்டும். இடம் பழகிய பின்னரே உணவில் கை வைக்க வேண்டும். அதற்குள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நலம்.

2. தராசு கட்டாயம் தேவை. காக்கடீலின் எடை 80 முதல் 100 கிராம் வரைதான். நம் கடைகளில் உள்ள பெரிய மின்னணுத் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும். அது இதற்கு உதவாது. ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும். தினமும் காலையில், தீனி வைக்கும் முன், ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வர வேண்டும். 90 கிராம் பறவை 9 கிராம் குறைந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், உடனே பழைய தீனிக்குத் திரும்பி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

3. விதையிலிருந்து விதைக்கு மாற்றுவது எளிது. முதல் வாரம் சூரியகாந்தியில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த அளவு தினை, சாமை, கம்பு கலக்க வேண்டும். எடை நிலையாக இருந்தால் வாரா வாரம் இன்னும் சிறிது குறைக்கலாம். அடுத்தபடி, முளை கட்டிய பச்சைப் பயறும் தினையும்.

4. காய், கீரையைக் காலையில் பசி நேரத்தில் முதலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து விதை தர வேண்டும். காரட்டைத் துருவி, மேலே நான்கு தினை தூவினால் தினையைப் பொறுக்கும் அலகில் காரட்டும் ஒட்டும். ஈரமான முருங்கைக் கொத்தைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டால், தின்னாவிட்டாலும் கிழித்து விளையாடும். கிழிப்பது தின்பதற்கு முதற்படி.

5. வீட்டார் கிளியின் எதிரில் அதே காயைத் தின்று காட்ட வேண்டும். கூட்டத்தார் தின்பதைக் கண்டால் அச்சம் தெளியும்.

6. சூரியகாந்தி விதையை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டுக் கையால் தரும் பரிசாக வைத்துக்கொள்ளலாம். புதிய காயைக் கடித்தால் ஒரு விதை.

7. கிண்ணத்தில் மேலாக இருப்பது தானியமா, வெறும் தோலா என்று தினமும் ஊதிப் பார்க்க வேண்டும். தோலைக் கண்டு தீனி இருக்கிறதென்று ஏமாந்து பறவையைப் பட்டினி போடுவது அடிக்கடி நடக்கிறது.

இந்த மாற்றம் முடியச் சில பறவைகளுக்கு ஒரு மாதம், சிலவற்றுக்கு ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். முடிவில், பாதிக்கு மேல் கிளிகளுக்கென்றே தயாராகும் பெல்லட் தீவனம், கால் பங்கு வரை காயும் கீரையும், பத்தில் ஒரு பங்குக்குள் விதை என்ற அளவைப் பறவை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். கோழித் தீவனம் இதற்கு மாற்று ஆகாது.

நம் கடையில் இருப்பவை

கிளிக்கு ஏற்ற பொருள்களில் பெரும்பாலானவை நம்மிடமே உண்டு. தினை, சாமை, வரகு, குதிரைவாலி, கம்பு, பச்சைப் பயறு ஆகியவை நல்ல தீனி. காய்கறி விற்போரிடம் காரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முருங்கைக் கீரை இருக்கும். வைட்டமின் ஏ குறைபாட்டுக்கு இவையே மருந்து. பச்சை மிளகாயையும் தரலாம். கிளிக்குக் காரம் உறைக்காது. சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவிட்டால் கொறித்துக்கொள்ளும். ராஜ்மா போன்ற பெரிய பயறுகளை ஊற வைத்து நன்றாக வேக வைத்தே தர வேண்டும். பச்சையாகத் தின்றால் நஞ்சு. முளைப் பயறும் ஈரக் காயும் நம் ஊர் வெயிலில் விரைவில் கெடும். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

தரக் கூடாதவை: அவகேடோ எனப்படும் வெண்ணெய்ப் பழம், சாக்லேட், காபி, தேநீர், வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை. உப்பு போட்ட கடலை, மிக்சர், முறுக்கு, பிஸ்கட்டும் வேண்டாம்.

கிளி சிறகைச் சிலுப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாலும், எச்சம் குறைந்தாலும், மூச்சுவிடும்போது வால் ஆடினாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பறவைகள் நோயைக் கூடியவரை மறைத்து வைக்கும். கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

நமக்கு என்ன லாபம்?

சூரியகாந்தி விதையின் விற்பனை சிறிது குறையலாம். ஆனால் அதே வாடிக்கையாளர் தினையும் கம்பும் பயறும் வாங்குவார். பறவை உயிரோடு இருக்கும் வரை வாங்குவார். சூரியகாந்தி விதை கேட்டு வருபவரிடம் "இதோடு கால் கிலோ தினையும் கலந்து போடுங்கள், ஒரேயடியாக மாற்றாதீர்கள், எடை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். சரக்கைத் தெரிந்து, உள்ளதைச் சொல்லி விற்பவர் கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை. வாய் பேசாத ஓர் உயிரும் அதனால் பிழைக்குமானால் அது நமக்குக் கிடைக்கும் மேல் வரும்படி.