வேண்டிய மாட்யூல் மட்டும் போதும்!



கடைக்கு மென்பொருள் வாங்கும்போது, "எல்லா வசதியும் இருக்கிறதா?" என்று கேட்பவர் அதிகம். "வேண்டாததை விட்டுவிட்டுத் தர முடியுமா?" என்று கேட்பவர் குறைவு. இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இன்றைய வணிக மென்பொருள்களில் பல, கொள்முதல், விற்பனை, சரக்கு இருப்பு, பேரேடு, சம்பளம், உற்பத்தி எனத் தனித்தனி மாட்யூல்களாகச் செய்யப்படுகின்றன. ஒரு மாட்யூல் வேலை செய்ய வேறு சில மாட்யூல்கள் உடன் இருக்க வேண்டும். பெல்ஜியத்தில் உருவான ஓடூ என்ற மென்பொருளில், ஒவ்வொரு மாட்யூலும் தனக்கு எவை துணை வேண்டும் என்ற பட்டியலை வைத்திருக்கிறது. கவுண்டரில் பில் போடும் மாட்யூலை நிறுவினால், சரக்கு இருப்பும் கணக்கும் தாமாகவே கூட வரும். உற்பத்தி மாட்யூலுக்குச் சரக்கு இருப்பு வேண்டும். ஆனால் சரக்கு இருப்புக்கு உற்பத்தி வேண்டியதில்லை. ஆகவே, வாங்கி விற்கும் மண்டிக்காரர் உற்பத்தியைத் தாராளமாக விட்டுவிடலாம்.

இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். குடோனில் விலைபோகாத சரக்கு இடத்தை அடைப்பது போலத்தான். ஒரு மாட்யூலைப் புதுப்பித்தால், அதைச் சார்ந்தவற்றையும் சோதிக்க வேண்டும். பூட்ட வேண்டிய கதவும் ஒன்று கூடுகிறது.

2021 டிசம்பரில் இது உலகத்துக்கே தெரிந்தது. ஜாவா மென்பொருள்களில், நடப்பதைக் குறித்து வைப்பதற்காக லாக்4ஜே என்ற பகுதியைப் பலர் சேர்த்திருந்தார்கள். வெளிக் கணிப்பொறியிலிருந்து தகவலை எடுத்துவரும் வசதி ஒன்று அதில் இருந்தது. பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை. அதன் வழியாகத்தான் அந்நியர் உள்ளே நுழைய முடிந்தது. அப்போது சொல்லப்பட்ட அவசரப் பரிகாரங்களில் ஒன்று, அந்த வசதிக்குரிய ஒரு கோப்பை மட்டும் நீக்கிவிடுவது!

இங்கே ஒரு எச்சரிக்கை. திரையில் பொத்தானை மறைப்பது வேறு. மாட்யூலையே நிறுவாமல் விடுவது வேறு. மறைத்தது கண்ணுக்குத் தெரியாதே தவிர, உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. எந்த மாட்யூல் எதைச் சார்ந்தது என்று எழுத்தில் வாங்குங்கள்.

2. அன்றாட வேலைக்கு வேண்டியதை மட்டும் முதலில் நிறுவச் சொல்லுங்கள். பின்னால் சேர்ப்பது எளிது, எடுப்பதுதான் சிரமம். ஓடூவில் ஒரு மாட்யூலை நீக்கினால், அதைச் சார்ந்த மாட்யூல்களும் அவற்றின் பதிவுகளும் சேர்ந்தே போய்விடும். நகல் எடுக்காமல் நீக்க விடாதீர்கள்.

3. குறைத்த பிறகு கொள்முதல், விற்பனை, சரக்குத் திருப்பம், நாள் முடிவுக் கணக்கு நான்கையும் போட்டுப் பாருங்கள். பண்டிகைக் காலத்தில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

4. சட்டத்துக்கு வேண்டியதை நீக்காதீர்கள். 2017-18 முதல் ஏதாவது ஓர் ஆண்டில் விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், பதிவு பெற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமாக்கப்பட்டது.

விற்பவர் தம்மிடம் உள்ளதையெல்லாம் கட்டிக் கொடுக்கத்தான் பார்ப்பார். நமக்கு வேண்டிய சரக்கின் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்.