நடுக்கத்தின் கதையைத் தோல் சொல்லுமா?

வயதானவரின் கை நடுங்கினால் "வயது போனால் அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். நடை தளர்ந்தாலும், கையெழுத்துச் சிறுத்தாலும், முகத்தில் சிரிப்புக் குறைந்தாலும் அவற்றையும் முதுமையின் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். இவை பாக்கின்சன் நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். ஜேம்ஸ் பாக்கின்சன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1817 இல் இந்நோயை விளக்கி எழுதினார். மூளையில் டோபமின் என்ற இரசாயனப் பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிவதே நடுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் முக்கிய காரணம்.

நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்பதை எப்படி அறிவது? வைத்தியர் விரல்களைத் தட்டச் சொல்வார். எழுந்து நடக்கச் சொல்வார். மூட்டுக்களை அசைத்து இறுக்கத்தைப் பார்ப்பார். இதில் ஒரு சிக்கல் உண்டு. லெவோடோபா மாத்திரை எடுத்தவர் சில மணி நேரம் நன்றாக நடப்பார். மருந்தின் வேகம் குறைந்ததும் கால் நிலத்தில் ஒட்டியதுபோல நின்றுவிடுவார். மருந்து அறிகுறிகளைத் தணிக்கிறது. கலங்களின் அழிவை அது நிறுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை. ஆகவே உள்ளே நடப்பதை அளக்க ஓர் அளவுகோல் தேவை. அதற்காக மூளையிலிருந்து இழையத்தை வெட்டி எடுப்பதோ ஆபத்தானது.

இங்கேதான் தோல் கைகொடுக்கிறது. நோயாளரின் மூளைக் கலங்களில் காணப்படும் திரள்களில் அல்பா சினுக்ளின் என்ற புரதம் இருப்பது 1997 இல் கண்டறியப்பட்டது. உருக்குலைந்த இப்புரதம் குடல், உமிழ்நீர்ச் சுரப்பி, தோல் ஆகியவற்றிலுள்ள நரம்புகளிலும் காணப்படுகிறது. பலருக்கு நடுக்கம் வருமுன்னரே மலச்சிக்கலும் மணம் தெரியாமையும் ஏற்படுவதை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

பரிசோதனை எளிது. விறைப்பு ஊசி போட்டு, கழுத்தின் பின்புறம், தொடை, கீழ்க்கால் ஆகிய இடங்களில் 3 மில்லிமீற்றர் அகலமான தோல் துண்டுகளை எடுத்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 428 பேரிடம் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஆய்வில், பாக்கின்சன் நோயாளரில் நூற்றுக்கு 93 பேர் அளவில் இப்புரதம் காணப்பட்டது. நோயற்றவர்களில் நூற்றுக்கு 3 பேர் அளவிலேயே காணப்பட்டது. இதையொத்த வேறு சில நரம்பு நோய்களிலும் இது தென்படுவதால், இதை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. வீட்டு மூலையில் கறையான் புற்றைக் கண்டால் கறையான் இருப்பது தெரியும்; கூரை மரம் எவ்வளவு அரிக்கப்பட்டது என்பது தெரியாது. தோற் பரிசோதனையும் இன்று அந்த நிலையிலேயே உள்ளது. ஒரே நோயாளரிடம் ஆண்டுக்கணக்காக மீண்டும் மீண்டும் எடுக்கும் துண்டுகளில், நோய் முற்ற முற்றப் புரதமும் கூடுகிறது என்பது உறுதியானாற்றான் அது அளவுகோலாகும். அப்படி ஒரு கோல் கிடைத்தால், நோயைத் தடுக்கும் புதிய மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்பதை விரைவாகக் கண்டுகொள்ளலாம்.

அதுவரை வீட்டாரின் கவனிப்பே பெரிய துணை. மாத்திரை எடுத்த நேரம், நடை தடைப்பட்ட நேரம், விழுந்த நாள், விழுங்குவதில் உள்ள சிரமம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்தியரிடம் காட்டுவோம். மாத்திரையை மட்டும் நாமாகவே திடீரென நிறுத்தக் கூடாது. அதனால் கடும் இறுக்கமும் காய்ச்சலும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.