இந்தச் செயலிக்கு என்னென்ன தெரியும்?

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வரும். அங்கே 2006 முதல் 2014 வரை நோக்கியா கைப்பேசிகள் உருவாயின. 2019 முதல் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன்கள் உருவாகின்றன. இவ்விரண்டுக்கும் மூளையாக இருப்பவை ஆர்ம் குடும்பத்துச் செயலிகளே. இக்குடும்பத்தின் முதல் சில்லு 1985-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது.

குடும்பப் பெயர் ஒன்றுதான். ஆயினும் எல்லாச் செயலிகளுக்கும் ஒரே கட்டளைகள் தெரியும் என எண்ணலாமா? கூடாது. ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியைப் பாருங்கள். 2019-இல் வந்த பை 4, 2023-இல் வந்த பை 5 ஆகிய இரண்டும் 64 பிட் ஆர்ம் கணிப்பொறிகளே. செய்திகளை மறைத்து அனுப்ப உதவும் ஏஇஎஸ் கணக்கைச் செய்வதற்கென்றே பை 5-இன் செயலியில் தனிக் கட்டளைகள் உண்டு. பை 4-இல் அவை இல்லை.

நாம் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். எந்தச் செயலிக்காக மாற்றுவது என்பதை அதற்கு நாம்தான் சொல்லவேண்டும். ‘எம்ஆர்ச்’ என்ற விருப்பம், எந்தெந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி தருகிறது. ‘எம்டியூன்’ புதிய கட்டளை எதையும் சேர்க்காது. குறிப்பிட்ட செயலியில் விரைவாக ஓடும்படி கட்டளைகளைத் தேர்ந்து அடுக்கும். ‘எம்சிபியு’ இவ்விரண்டையும் சேர்த்துச் செய்யும். அதனுடன் ‘நேட்டிவ்’ என எழுதினால், கம்பைலர் தான் ஓடும் செயலியையே அளவாகக் கொள்ளும்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. பை 5-இல் ‘நேட்டிவ்’ எனத் தொகுத்த நிரலைப் பை 4-க்கு எடுத்துச் சென்றால் என்ன ஆகும்? அம்மி மட்டுமே உள்ள வீட்டில் ‘மிக்ஸியில் அரைக்கவும்’ என்ற குறிப்பைக் கொடுத்தது போலாகும். மனிதராயின் அம்மியில் அரைத்துக்கொள்வார். செயலிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தெரியாத கட்டளையை எட்டியதும், முறையற்ற கட்டளை என்று கூறி லினக்ஸ் நிரலை நிறுத்திவிடும். அந்தக் கட்டளை வரும்வரை நிரல் ஒழுங்காகவே ஓடும் என்பதால், சோதனையில் பிழை தப்பிவிடுவதும் உண்டு.

அப்படியானால் விரைவைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பொதுக் கட்டளைகளால் ஒன்று, தனிக் கட்டளைகளால் ஒன்று என அந்தப் பகுதியை மட்டும் இரு விதமாக எழுதி, ஒரே நிரலில் வைக்கலாம். நிரல் தொடங்கியதும் ‘கெட்ஆக்ஸ்வால்’ என்னும் சார்பின் மூலம் லினக்ஸைக் கேட்கவேண்டும். விடையாக வரும் எண்ணின் ஒவ்வொரு பிட்டும் ஒரு திறனைக் குறிக்கும். 64 பிட் ஆர்மில், 8 என்னும் மதிப்புடைய பிட் 1 ஆக இருந்தால் ஏஇஎஸ் உண்டு. 0 ஆக இருந்தால் பொது வழியே போதும்.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ராஸ்பெரி பை இருந்தால், ‘எல்எஸ்சிபியு’ என்று தட்டச்சு செய்யுங்கள். ‘ஃப்ளாக்ஸ்’ என்ற வரியில் ‘ஏஇஎஸ்’ இருக்கிறதா எனத் தேடுங்கள். புதிய கருவி வாங்க இயலாதவர் கையிலும் நம் நிரல் ஓடவேண்டும் அல்லவா? அதற்கு, தொகுக்கும்போது அனுமானிப்பதைவிட ஓடும்போது கேட்டறிவதே நல்லது.