கணக்கறைக் கதைகள் – 14
கோபுரம் தெரியும் தூரம்

மார்ச் கடைசியில் அவசர அவசரமாக வாங்கிய நாற்காலிகளோடு சென்ற வாரம் நிறுத்தினேன். ஒதுக்கிய பணம் மிஞ்சினால் அடுத்த ஆண்டு வெட்டிவிடுவார்களே என்ற பயத்தில் வாங்கியவை. மற்ற விவரத்துக்குப் பழைய இதழைப் புரட்டுங்கள்.

பட்ஜெட்டையே தூக்கிப்போட்டால் நிதித்துறைக்காரர்களுக்கு என்ன வேலை என்று இந்த வாரம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். சொல்கிறேன். அதற்கு முன் யான் வாலண்டர்.

ஸ்வீடன்காரர். 1970இல் ஹாண்டல்ஸ்பாங்கன் வங்கியின் தலைமைக்கு வந்தார்; சில ஆண்டுகளில் அங்கே பட்ஜெட் ஒழிந்தது. இது பலருக்குத் தெரிந்திருக்கும். இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது அவருடைய பூர்வாசிரமம். வங்கித் தொழிலுக்கு வருமுன் அவர் ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் தலைவர். கார்களின் பெருக்கத்தை ஆராய்ந்து 1958இல் புத்தகம் போட்டவர். நாளை எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுவதே பிழைப்பு. ஜோசியரே ஜோசியத்தைக் கைவிட்ட கதை இது!

அவர் வாதம் எளிமையானது. நாளையும் இன்றுபோலவே இருந்தால் பட்ஜெட் தேவையில்லை. தலைகீழாக மாறினால் அது எந்த பட்ஜெட்டுக்கும் முன்கூட்டித் தெரியப்போவதில்லை.

பட்ஜெட் ஒழிந்த வங்கியில் அதிகாரம் கிளைகளுக்குப் போனது. ஊர் தேவாலயக் கோபுரத்தில் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரம்தான் ஒரு கிளையின் எல்லை என்பது அந்த வங்கியில் புழங்கும் பேச்சு. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பது ஸ்டாக்ஹோம் தலைமையகத்தைவிட அந்தக் கோபுரத்தடிக்காரருக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர் அடகுக்கடைக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

என் மைத்துனர் ஒரு தனியார் நிறுவனத்தில் பட்ஜெட் போடுபவர். டிசம்பரில் உட்கார்ந்தால் பொங்கலுக்குக்கூட ஊர்ப்பக்கம் தலைகாட்டமாட்டார். இந்தக் கதையைச் சொன்னேன். “அப்போ எங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா மச்சான்?” என்றார்.

அனுப்பவில்லை. ஹாண்டல்ஸ்பாங்கனில் கிளைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பட்டியல் வந்தது: வரவுக்கு எவ்வளவு செலவு, ஆளுக்கு எவ்வளவு லாபம். “ஒதுக்கியதைத் தாண்டி ஏன் செலவழித்தாய்?” என்று அதட்டுவதற்கு அங்கே ஒதுக்கீடே இல்லை. “பக்கத்துக் கிளை இதையே குறைந்த செலவில் செய்கிறதே, எப்படி?” என்று கேட்கலாம். மொத்த வங்கிக்கும் ஒரே இலக்கு, போட்டி வங்கிகளின் சராசரியைவிட அதிக லாப விகிதம். தாண்டினால் ஊழியர்களின் பொது நிதிக்கு ஒரு பங்கு. 1973இல் தொடங்கிய ஏற்பாடு. உயரதிகாரிக்கும் கவுண்டரில் இருப்பவருக்கும் சமபங்கு. மைத்துனர் இதை மட்டும் நம்ப மறுக்கிறார்.

1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் வங்கிகள் சரிந்து அரசிடம் கையேந்தியபோது, இந்த வங்கி கையேந்தவில்லை.

தலைவர் மனம் மாறிவிட்டார், சரி. அதட்டியே பழகிய கணக்கர் எப்படி மாறினார்? அதற்கு நார்வேக்குப் போக வேண்டும். அங்கே ஓர் எண்ணெய் நிறுவனம் 2005இல் பட்ஜெட்டைக் கைவிட்டது. அந்த ஸ்டாட்ஆயிலின் கதை அடுத்த வாரம். அதற்குள் உங்கள் அலுவலக மார்ச் மாத நாற்காலிக் கதைகளை எழுதி அனுப்புங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

(தொடரும்)